கூண்டு வண்டியில் சென்னைக்கு

கயிற்றைக் கட்டி முடித்ததும் உள்ளங்கையால் ஓங்கித் தட்டிப் பார்ப்பது மாமாவின் வழக்கம். அது விறைப்பாக அதிர வேண்டும். தொய்வாகச் சத்தம் வந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுவார். அம்மாவின் அண்ணன் அவர். பல வருடம் லாரி ஓட்டிவிட்டு, மோகனூரில் காய்கறி ஏற்றும், தகரக் கூண்டு போட்ட சிறிய சரக்கு வண்டி ஒன்றை வைத்திருந்தார். அன்று விடிந்தும் விடியாமலும் அந்த வண்டிக்குள் அவர் கட்டியது என் மின் சக்கர நாற்காலியை, அதில் உட்கார்ந்திருந்த என்னோடு சேர்த்து.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். கல்லூரிப் படியேறிய முதல் பெண் என்று உறவினர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். தசைகள் வலுவிழக்கும் நோய் சிறு வயதிலேயே வந்துவிட்டதால் நான் எந்தப் படியும் ஏறியதில்லை. ஆனால் தேர்வெழுதி, சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை வாங்கியிருந்தேன். மறுநாள் காலை வேலையில் சேர வேண்டும். பேருந்து எனக்கு ஆகாது. நாற்காலியின் கனத்துக்கு அதை ரயில் பெட்டிக்குள் தூக்கி வைக்க ஆள் கிடைக்காது. கார் இருக்கையில் என் முதுகு நிற்காது. மிஞ்சியது மாமாவின் வண்டிதான்.

முந்தின நாள் மாலையே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். வழியில் நான் போகக்கூடிய கழிவறை எங்கும் இல்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் எனக்குத் தோல் நைந்து புண்ணாகிவிடும். கல்லூரி நாட்களில் ஒருமுறை அப்படி வந்து, ஒரு வருடம் குப்புறக் கிடந்திருக்கிறேன். இன்னொரு புண் வந்தால் வேலை போன மாதிரிதான். அதற்காகத்தான், இருக்கையை மொத்தமாகப் பின்னுக்குச் சாய்க்கும் பொத்தான் வைத்த நாற்காலியாகப் பார்த்து வாங்கினோம். சாய்ந்தால் எடை முதுகுக்குப் போகும். கீழே கொஞ்சம் இரத்தம் ஓடும்.

நாமக்கல்லைத் தாண்டி, ராசிபுரத்துக்கு முன்னால் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் முனகியது. இருக்கை அசையவில்லை. மாமா கயிற்றை முதுகுச் சட்டத்தின் மேலேயும் குறுக்காக இழுத்துக் கட்டியிருந்தார். கேட்டால் நிறுத்துவார். ஆனால் என்னை ஏற்றுவதற்கே அவர் பட்ட பாட்டைப் பார்த்திருந்தேன். சேலம் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சேலம் வந்ததும், இன்னும் கொஞ்ச தூரம் என்றேன் எனக்கு நானே. தகரக் கூரை கொதித்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் தலை மார்பில் விழுந்தது. பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அம்மா ஒரு கையால் என் நெற்றியைத் தாங்கிக்கொண்டே வந்தாள். வலி முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு சூடு வைத்த மாதிரி ஒரே இடத்தில் நின்றது.

வாழப்பாடி தாண்டி ஒரு டீக்கடையில் வண்டி நின்றபோதுதான் சொன்னேன். “கயித்தக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க மாமா. சீட்டச் சாய்க்கோணும்.”

“ரோட்டுல வெச்சுக் கயித்த லூஸ் பண்றதா? கொல்லத்துக்கு முட்டை லோடு கொண்டுபோயி ஒண்ணு ஒடையாம எறக்குனவன் சாமி நானு. லோடு ஆடுச்சுன்னா வண்டியே சாஞ்சுரும்.”

“நான் லோடு இல்லீங்க மாமா.”

“அது தெரியுது. லோடுன்னா இந்நேரம் வாயத் தொறக்காம வந்திருக்குமல்லோ.”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் உடம்பு குலுங்கி, அந்தச் சூடு விலாவரை ஏறியது. என் முகத்தைப் பார்த்த அம்மா, “ஏனுங்ணா, போன தடவ புண்ணு வந்து இவ படுத்துக் கெடந்தது மறந்துபோச்சுங்களா?” என்றாள்.

மாமா டீயைக் கீழே வைத்துவிட்டு ஏறி வந்தார். குனிந்து நாற்காலியின் அடியைப் பார்த்தார். “அடிச்சட்டத்த மட்டும் கட்டுனா மேல ஆடுமே சாமி.”

“மேல ஆடோணும் மாமா. அதுக்குத்தான் வாங்குனது.”

அவிழ்த்தார். நான் பின்னால் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவர் முழங்காலிட்டு அடிச்சட்டத்தில் மறுபடி கட்டினார். கட்டியதில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் அங்கிருந்து சென்னைவரை முட்டை ஏற்றிய வண்டியைப் போல ஊர்ந்துதான் ஓட்டினார். அடிக்கடி நிறுத்தி, இறங்கி வந்து, கதவைத் திறந்து பார்த்தார். பொழுது சாய்ந்த பிறகு, ஏற்பாடு செய்திருந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அம்மா என்னைக் குப்புறக் கிடத்தி, சிவந்திருந்த இடத்தைக் கட்டை விரலால் அழுத்தினாள். விரலை எடுத்ததும் அந்த இடம் வெளிறி, பிறகு சிவப்பு திரும்பினால் தோல் தப்பித்தது என்று அர்த்தம். அழுத்தியும் நிறம் மாறாமல் இருந்தால் புண் தொடங்கிவிட்டது. அவள் விரலை எடுத்துக் குனிந்து பார்த்தாள்.

“என்னாச்சு?” என்றார் மாமா, கதவுக்கு வெளியே.

“வெளுத்துத் திரும்புதுங்ணா.”

“அப்ப நான் செத்த நேரம் படுக்கறேன்.” வராந்தாவில் வெறுந்தரையில் அப்படியே தூங்கிவிட்டார். மறுநாள் நான் வேலையில் சேர்ந்தேன்.

இப்போது ஊருக்கு ரயிலில் போய்வருகிறேன். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் நாற்காலியை ஏற்றச் சாய்வுப் பலகை வருகிறது. சில நாள் வருவதில்லை. தண்ணீரை நிறுத்துவது மாறவில்லை. போய்வந்த மறுநாள் அலுவலகத்தில், ஊருக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா என்று கேட்கிறார்கள். தலையாட்டிவிடுகிறேன். மாமா வண்டியை விற்றுவிட்டார். ஓட்டி ஓட்டி அவருடைய முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. வைத்தியத்துக்குச் சேலம்வரை பேருந்தில் போகிறார். போன வாரம் போனில் பேசினார்.

“நீ எப்படித்தான் அத்தன தூரம் உக்காந்து வந்தயோ சாமி. எனக்கு ராசிபுரம் போறதுக்குள்ளயே உசுரு போகுது.”

“எந்திரிச்சு நிக்கலாமல்லோங்க மாமா. முடியலன்னா கண்டக்டர்கிட்டச் சொன்னா நிறுத்துவாரு.”

“கேக்கக் கூச்சமா இருக்குது” என்றார்.

“எனக்கும் அன்னைக்கு வாழப்பாடி வரைக்கும் அப்படித்தானுங்க இருந்துச்சு” என்றேன்.