புரட்டாசி சனிக்கிழமையில் ஒரு பாத்திக் கேக்

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வாடகை வீட்டில் ஓவன் கிடையாது. இருந்திருந்தாலும் எனக்கு அதைத் தொடத் தெரிந்திருக்காது. திருச்சியிலிருந்து வேலை பெர்மிட்டில் இந்த மலாய் நாட்டுக்கு வந்து, பங்சாரில் ஓர் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து காலம் தள்ளுகிறவன் நான். சமையலில் என் உச்சகட்ட சாதனை ரசம். அப்படிப்பட்டவனை இனிப்புக் கடை வைக்காத குறையாக மாற்றியது என் மனைவியின் ஐந்தாவது மாதம்.

முதல் கரு தங்கவில்லை. அதனால் இந்த முறை டாக்டர் அவளைப் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். எண்ணெய் காயும் வாசம் பட்டாலே அவளுக்குக் குமட்டும். நாக்கு மட்டும் விடாமல் இனிப்புக் கேட்கும். பொரிக்காத, சுடாத பண்டங்களாகத் தேடிப் பிடித்தேன். பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கிப் பிசைந்து முந்திரியோடு உருட்டினேன். தேங்காய்த் துருவலை இனிப்பான கெட்டி டின் பாலில் கிளறி உருண்டை பிடித்தேன். அலுவலகத்தில் பக்கத்து மேசை மலாய்க்கார அக்கா பாத்திக் கேக் செய்யச் சொல்லிக் கொடுத்தார். மார்ஜரின், டின் பால், கொக்கோ, அடித்த முட்டை எல்லாவற்றையும் சிறு தீயில் கெட்டியாகக் கிளறி, உடைத்த மேரி பிஸ்கட்டைக் கொட்டிப் புரட்டி, தட்டில் அழுத்தி ஃப்ரிட்ஜில் வைத்தால் தீர்ந்தது வேலை. மறுநாள் வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் பாத்திக் துணியில் இருப்பதுபோல் பூப்பூவாகத் தெரியும்.

சனிக்கிழமைதோறும் கிள்ளானில் இருக்கும் பண்டமாரானிலிருந்து மாமனார் மகளைப் பார்க்க ரயிலேறி வருவார். துறைமுகத்தில் முப்பது வருடம் லோரி ஓட்டியவர். மகள் ஓர் ஊர்க்காரனைக் கட்டிக்கொண்டதில் அவருக்குத் துளியும் சம்மதமில்லை. இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த எங்களுக்கு இங்கே அதுதான் பெயர். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீரைத் தவிர அவர் வேறெதையும் வாயில் வைத்ததில்லை. என்னைக் கூப்பிட வேண்டிவந்தால் "பாஸ்" என்பார். சாப்பாட்டுக் கடையில் டீ, காபி ஆர்டர் எடுக்க வருகிறவரைக் கூப்பிடுகிற அதே பாஸ்.

அந்த வருடம் புரட்டாசி முழுக்க அவர் சைவம். வழக்கமாகச் சனிக்கிழமை மட்டும்தான் இருப்பாராம். இந்தப் பிள்ளையாவது நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு ஒரு மாதமும் இருந்தார். மூன்றாவது சனிக்கிழமை வந்தவரால், பெய்த மழையில் வீடு திரும்பக் கிளம்ப முடியவில்லை. "நீங்க சாப்பிட்டாதான் நானும் சாப்பிடுவேன்" என்று மகள் படுத்தபடியே அடம் பிடித்தாள். பெரியவர் வேறு வழியில்லாமல் மேசைக்கு வந்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீன் பொரித்த சட்டியை அவர் விரதத்துக்காக முன்பே பரணில் ஏற்றிவிட்டு, புதுச் சட்டியில்தான் அந்த மாதம் சமைத்துக்கொண்டிருந்தேன். அப்பளப் பாக்கெட்டைக்கூடப் பின்பக்கம் திருப்பி வாசித்தவன் நான். அவர் சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு ஊற்றிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்து, மனைவிக்காகச் செய்திருந்த பாத்திக் கேக்கை வெட்டிக் கொண்டுவந்து வைத்தேன். ஒரு துண்டு தின்றார். இன்னொன்றையும் எடுத்தார்.

"நல்லா இருக்கு பாஸ். என்ன போட்டீங்க?"

"மேரி பிஸ்கட், மார்ஜரின், டின் பால், கொக்கோ..." என்று விரல் மடக்கியவன் நின்றுவிட்டேன். கட்டை விரல் பாக்கி இருந்தது. ஓவனில் சுடாத பண்டத்தில் முட்டை ஏது என்று என் புத்தி நினைத்திருக்கிறது. இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிய கையும் என்னுடையதுதான்.

கொக்கோவோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்குத் தெரியவே போவதில்லை. இரண்டு வருடம் கழித்து என் கையால் சாப்பிட்ட மனிதர். சொன்னால் இனி இந்த வாசலை மிதிப்பாரோ மாட்டாரோ. ஆனால் அந்த விரதம் என் குழந்தைக்காக. அதில் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மாமா, மன்னிச்சிருங்க. முட்டையும் போட்டிருக்கேன். மறந்தே போயிட்டேன்."

கையிலிருந்த பாதித் துண்டைத் தட்டில் வைத்தார். எழுந்து போய் வாய் கொப்பளித்தார். மகளின் தலையில் கையை வைத்துவிட்டு, தூறலிலேயே கிளம்பிப் போய்விட்டார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. மகளிடம் மட்டும் போனில் பேசினார். அவளுக்கு லேசாக வயிறு வலித்தாலும் அந்த இரண்டு முட்டைதான் என் கண்முன் வந்து நின்றது.

புரட்டாசி முடிந்தது. கிள்ளான் முழுக்க ஆட்டிறைச்சிக் கடை வாசலில் வரிசை கட்டி நிற்கும் சனிக்கிழமை காலையில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் நெற்றியில் நாமத்தோடு மாமனார். கையில் நெகிழிப் பை. அதற்குள் இரண்டு பாக்கெட் மேரி பிஸ்கட்டும் ஒரு டின் பாலும்.

"அன்னிக்குப் போனது ஒரு நாளு. அதுக்கு இன்னிக்கு ஒரு நாளு சைவம் இருக்கேன். பெருமாள் ஒன்னும் கோவிச்சுக்க மாட்டாரு லா. முட்டை இல்லாம அது செய்ய வருமா?"

வரும் என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. அவர் அடுப்பு மேடையோரம் நின்று, லோரி ஸ்டியரிங் பிடித்த கையால் ஒவ்வொரு பிஸ்கட்டையும் நாலாக உடைத்துப் போட்டார். நான் கிளறிக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"பெர்மிட்ல வந்தவன், ஒரு நாளு சொல்லாம கொள்ளாம பிளைட் ஏறிடுவான், என் பிள்ள கைக்கொழந்தையோட நிக்கும்னு ரெண்டு வருஷமா எனக்குத் தூக்கம் இல்ல. அன்னிக்கு நீங்க வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."

ஒரு பிஸ்கட்டை உடைத்தார்.

"நீங்க சொல்லாம போற ஆளு இல்ல, மாப்ள."

கரண்டியைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன். அடி பிடித்தது. அந்தக் கேக் கொஞ்சம் கருகல் வாசத்தோடுதான் இருந்தது. மூன்று பேரும் மிச்சம் வைக்காமல் தின்றோம்.

எங்கள் மகள் பிறந்து இப்போது தவழ்கிறாள். அன்று அந்த மனிதர் திரும்பி வந்ததற்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன், அவருடைய பெருமாளுக்கும் சேர்த்து. சனிக்கிழமை வந்தால் அவரே ஃப்ரிட்ஜைத் திறந்து கேக் டப்பாவை எடுத்துக்கொள்கிறார். இந்தப் புரட்டாசியிலும் அப்படித்தான். உள்ளே முட்டை இருக்கிறதா என்று ஒரு தடவைகூட அவர் என்னிடம் கேட்டதில்லை.