காலி நாற்காலியில் மாமனார்

சிறுசேரி ஆபீசில் மேனேஜரையே எதிர்த்துப் பேசுகிற எனக்கு, வீட்டில் மாமனாரிடம் வாய் திறக்காது. அடக்கிய கோபமெல்லாம் தலைவலியானதும் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மனநல கவுன்சிலரிடம் போனேன். அந்த அம்மா என் எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டார்.

“இதுல உங்க மாமனார் உட்கார்ந்திருக்கார்னு நினைச்சுக்குங்க. மனசுல இருக்கறதைச் சொல்லுங்க.”

சட்டென்று எழுந்து நின்றேன்.

“ஏன் எழுந்துட்டீங்க?”

“மாமனார் எதிர்ல எப்படி மேடம் உட்கார்றது?”

அவர் சிரிக்கவில்லை. “கெஸ்டால்ட்ங்கற இந்த சிகிச்சை முறையில, இந்த நிமிஷம் உடம்பு என்ன பண்ணுதுன்னு கவனிப்போம். உங்க கால் பேசிடுச்சு. இப்ப உட்கார்ந்து நீங்க பேசுங்க.”

உட்கார்ந்தேன். நாற்காலியைக் கிழிகிழியென்று கிழித்தேன்.

அன்று மாலை அதே வேகத்தில், டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமனாரின் எதிரே போய் உட்கார்ந்தேன். அவர் பதறிப்போய் டிவியை அணைத்தார்.

“என்னம்மா, உடம்பு சரியில்லையா?”