பின்படியில் ஒரு தட்டு

இது நடந்த விஷயம். நடந்தது பட்டப்பகலில், மத்தியானம் மூன்று மணி வெயிலில். பேய்க்கு இராத்திரி ஷிப்டு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதை நம்புவது சிரமம். நம்ப வேண்டாம். அன்றைக்கு அக்காவும் நம்பவில்லைதான். அது அவளுடைய அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை.

அக்கா என்றால் டிங்கர் அக்கா. பழைய வண்டிகளின் உடம்பில் துரு தின்ற இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பது அவள் தொழில். அவள் தம்பி பெயிண்டர். அக்கா தகடு வைத்த இடத்தில் மேடுபள்ளம் மறையப் பட்டி பூசி, தேய்த்து, வர்ணம் அடிப்பான். அதைவிட அதிகமாக வாயடிப்பான். பேய் கண்ணில் பட்டால் பிடித்து நிற்கவைத்து, இரண்டு கோட் அடித்துத்தான் அனுப்புவேன் என்று டீக்கடையில் அவன் சொல்லாத நாள் கிடையாது.

அந்த வேனைக் கொண்டுவந்தவர் தலைவர். எதற்குத் தலைவர் என்று கேட்கக் கூடாது. அவருடைய கார்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்திலும் தலைவராகவே இருந்தார். அப்போதைக்குப் பழைய வாகனங்கள் பாதுகாப்புக் கழகத்துக்கு. கழகத்தின் ஊர்வலம் மறுநாள் காலை. முன்னால் திறந்த காரில் தலைவர் கையாட்டிக்கொண்டே போவார். பின்னால் இந்த முப்பது வயது வேன். வேனுக்குள் பத்துப் பள்ளிப் பிள்ளைகள், பின்படியில் இன்னும் நாலு பேர். படியில் நிற்கிற பிள்ளைகள் கையில் தலைவரின் படம். திரும்பிப் பார்த்தாலும் தன்னையே பார்க்கலாம் என்கிற ஏற்பாடு.

காலை ஒன்பது மணிக்கு அக்கா சுத்தியலை எடுத்துக்கொண்டு வேனைச் சுற்றி வந்தாள். நல்ல தகடு தட்டினால் ‘டங்’ என்று பதில் சொல்லும். துரு தின்ற தகடு ‘பொத்’ என்று வாயை மூடிக்கொள்ளும். பதினொரு இடத்தில் பொத். பதினொரு சாக்பீஸ் வட்டம் போட்டாள். சாயங்காலத்துக்குள் முடியாது, ஊர்வலத்தைத் தள்ளிவையுங்கள் என்றாள்.

தலைவர் சிரித்தார். “மேல பளபளன்னு இருந்தாப் போதும்மா. ஓட்டையில பேப்பரைத் திணிச்சுப் பட்டியைப் போட்டு மூடிடுங்க. உள்ள யாரு பாக்கப்போறாங்க?”

“ஏறுற பிள்ளைங்க பாக்க மாட்டாங்க சார். விழுவாங்க.”

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் போனார்.

ஒரு மணிக்குள் அக்கா ஏழு ஓட்டையை முடித்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு இரண்டு இருபதுக்கு வந்து பார்த்தால், பின்படியில் இருந்த ஓட்டையைக் காணோம். வெள்ளையாக, வழவழவென்று பட்டி. தலைவர் போன் பண்ணினார் என்றான் தம்பி. பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, மேலே பூசிவிட்டானாம்.

அக்கா அவனைக் கிழி கிழி என்று கிழித்தாள். தகடு தகட்டோடுதான் ஒட்டும், பட்டி வெறும் நம்பிக்கையில்தான் ஒட்டும் என்றாள். ஆனால் மணியைப் பார்த்தாள். இன்னும் மூன்று ஓட்டை பாக்கி. சரி, அந்தப் படி மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

அதைத்தான் சொல்லியிருக்கக் கூடாது.

மணி மூன்று பன்னிரண்டு. வேனின் பின்பக்கத்தில் ஒரு சத்தம். சுத்தியல் இல்லை. உள்ளங்கையால் தகட்டில் ஓங்கி அறைகிற சத்தம்.

‘டப்.’

ஒரே ஒரு தடவை.

தம்பிதான் என்று அக்கா நினைத்தாள். அக்காதான் என்று தம்பி நினைத்தான். இரண்டு பேரும் வேனின் முன்பக்கத்தில்தான், ஆளுக்கொரு ஓரமாக நின்றிருந்தார்கள்.

மூன்று இருபது. மறுபடியும் ‘டப்.’

அக்கா கம்பிரஸரை நிறுத்தச் சொன்னாள். பட்டறை முழுக்க அமைதி. சுற்றிக்கொண்டு பின்னால் போனார்கள். யாரும் இல்லை. படியில் பூசிய பட்டி உடையாமல், ஒரு மூடியைக் கழற்றி வைத்த மாதிரி தரையில் கிடந்தது. பக்கத்தில் செய்தித்தாள்...

தம்பி அதைக் கசக்கித் திணித்திருந்தான். இப்போது அது நாலாக மடித்து, மடிப்பு நீவி, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

வர்ணத்தில் கலக்கிற தின்னர் தீர்ந்துவிட்டது, வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றான் தம்பி. அலமாரியில் மூன்று டின் தின்னர் திறக்காமல் இருந்தது. இரண்டு கோட் அடிக்கப்போன வீரன் அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தான்.

அக்காவுக்கும் பயம்தான். ஆனால் அவளுக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். அவள் பட்டறை, அவள் வேலை, நடுவில் யார் இவன்?

“யாரா இருந்தாலும் சரி. வேலை நேரத்துல விளையாடாத” என்று வேனைப் பார்த்துச் சொன்னாள். கைவிளக்கை எடுத்துக்கொண்டு மல்லாந்து வேனுக்கு அடியில் நுழைந்தாள்.

மூன்று நாற்பது. படியைத் தாங்குகிற குறுக்குச் சட்டம் கறுப்பு வர்ணத்தில் கொழுகொழுவென்று இருந்தது. காலையில் அதன் அழகைப் பார்த்துத் தட்டாமல் விட்டுவிட்டாள். இப்போது தட்டினாள்.

பொத்.

உளியால் சுரண்டினாள். வர்ணம் உரிந்தது. அதற்குள் பட்டி. பட்டிக்குள் சிமெண்ட். எவனோ சட்டத்துக்குள் சிமெண்டைக் குழைத்து அடைத்திருக்கிறான். சுற்றியிருந்த இரும்பு அப்பளமாக நொறுங்கியது. சிமெண்டுக்குப் பக்கத்து இடுக்கில் அவள் கை முழங்கை வரை உள்ளே போனது.

படியின் ஓட்டை வழியாக வெயில் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

அந்த வெயில் நின்றது.

யாரோ படியில் ஏறி நிற்கிறார்கள்...

‘க்ரீ...ச்.’ பின் சக்கரத்து வில்பட்டைகள் அழுந்தின. வேன் ஓர் அங்குலம் கீழே இறங்கியது. அவள் மூக்குக்கு நேராக.

மேலே, அவள் முகத்துக்கு அரை அடி தூரத்தில்...

‘டப்.’

ஒரு தட்டு.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. படியில் நின்று போகிறவன் டிரைவரிடம் பேசுகிற பாஷை அது. இரண்டு தட்டு, போகலாம். ஒரு தட்டு...

நிறுத்து.

அக்கா படியைப் பார்த்தபடியே சொன்னாள்.

“நிறுத்திட்டேன். வண்டி நாளைக்குப் போகாது. நீ முதல்ல இறங்கு. நான் அடியில இருக்கேன்.”

மூன்று நாற்பத்தாறு. பட்டைகள் மெல்ல நிமிர்ந்தன.

வெயில் திரும்ப வந்தது.

நாலரைக்குத் தலைவர் வந்தார். தோளில் மறுநாளைக்கான சால்வையை ஒத்திகைக்குப் போட்டிருந்தார். அக்கா பேய் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. கையைச் சட்டத்துக்குள் விட்டுக் காட்டினாள், முடியாது என்றாள், அவ்வளவுதான். தலைவர் சினந்தார். தான் எத்தனை மேடைகளைப் பார்த்தவன், எதற்கும் அஞ்சாதவன் என்பதை விளக்கினார். அக்கா வேண்டாம் சார் என்று இரண்டு தரம் சொல்லியும் கேட்காமல் படியில் ஏறி நின்றார்.

“பாத்தீங்களா? என்னையே தாங்குது. நாலு சின்னப் பசங்களைத் தாங்காதா?”

‘டப்.’

அவர் காதுக்குப் பக்கத்தில்.

தலைவர் திரும்பினார். பக்கத்தில் யாரும் இல்லை. சால்வையின் ஒரு முனை மட்டும், யாரோ கைப்பிடியைத் தேடிப் பற்றிக்கொண்ட மாதிரி, இழுபட்டு விறைத்து நின்றது.

அஞ்சாதவர் குதித்த குதியில் கீழே இருந்த பெயிண்ட் டின் கவிழ்ந்தது. அடுத்த விநாடி படி மொத்தமும் பெயர்ந்து தொப்பென்று விழுந்தது. அதோடு சேர்ந்து அவருடைய ஒரு செருப்பும்.

மறுநாள் மேடையில், பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதி அந்தக் கோளாறைத் தாமே வேனுக்கு அடியில் படுத்துக் கண்டுபிடித்ததாகத் தலைவர் பேசினார். கைதட்டல் பலமாக இருந்ததாம்.

அக்காவுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. சிமெண்டை உடைத்து எடுத்தாள். சட்டத்தை வெட்டிப் புதுச் சட்டம் போட்டாள். படிக்குப் புதுத் தகடு, வழக்கத்தைவிட ஒரு மடங்கு கனமாக. தனியாகத்தான் செய்தாள். தம்பிக்கு இன்னும் தின்னர் கிடைத்தபாடில்லை. நடுநடுவே அவள் வேனைப் பார்த்து, இங்கே பார், இது போதுமா என்று கேட்டுக்கொண்டே வேலை செய்தாள். ஒரு தட்டும் இல்லை.

பத்தாம் நாள் வண்டியை எடுத்துப்போகத் தலைவர் ஒரு டிரைவரை அனுப்பினார். நரைத்த மனிதர், அதே வேனை முன்பு பதினாறு வருஷம் ஓட்டியவர். புதுப் படியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அக்கா கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“பின்படியில என் கிளீனர் நிப்பான். இங்க இருந்த படி அவன் காலடியில பிட்டுக்கிச்சு. விழறதுக்கு முன்னாடி ஒரு தட்டு தட்டினான். எனக்குக் கேட்டுச்சும்மா. வேகமாப் போயிட்டிருந்தேன், சும்மா தட்டுறான்னு நினைச்சு நிறுத்தலை.” புதுப் படியைக் கையால் தடவினார். “மத்தியானம் மூணு பன்னிரண்டு. அப்புறம் பழைய முதலாளி சிமெண்டை அடைச்சுக் கறுப்பு அடிச்சு வித்துட்டாரு.”

அக்கா சாவியைக் கொடுத்தாள்.

அவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். பழைய பழக்கம், திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தார்.

‘டப்... டப்.’

இரண்டு தட்டு.

அவர் கை தானாகக் கியரைப் போட்டது. அப்புறம்தான் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். அக்கா பத்தடி தள்ளி நின்றிருந்தாள். ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் பழைய படியின் தகடு.

கண்ணாடியில் வேறு என்ன பார்த்தாரோ, தெரியாது. வண்டியை நிறுத்தவில்லை. பள்ளம் மேடு பார்த்து, மிக மெதுவாக, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டிக்கொண்டு போனார்.

வேனில் அவரைத் தவிர யாரும் இல்லை. பின்படிப் பக்கம் ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தது.

“நல்லா நில்லு” என்றாள் அக்கா, வண்டிக்குக் கேட்கிற மாதிரி. “தாங்கும்.”