டொனலியின் முறை

முழங்காலுக்கு அடியில் மடித்த சாக்கைப் போட்டுக்கொண்டு, மேல்மாடியிலிருந்து ஒவ்வொரு படியாகத் துடைத்தபடி இறங்குவார் எஃபி கால்பிரைத். வயது எழுபத்தெட்டு. விக்டோரியா ராணி காலத்துக் கட்டடம். வெளியே கிளாஸ்கோ மழையில் சிவப்புக் கல் கறுத்துவிட்டாலும், உள்ளே படிக்கட்டுச் சுவரின் பச்சை ஓடுகள் அவர் கைபட்டு இன்னும் மினுங்குகின்றன.

மொத்தம் எட்டு வீடுகள். 'இந்த வாரம் படி துடைப்பது உங்கள் முறை' என்று அச்சடித்த அட்டை ஏதாவது ஒரு கதவுக் குமிழில் தொங்கும். துடைத்து முடித்தவர் அதை அடுத்த கதவில் மாட்ட வேண்டும். கப்பல் பட்டறை டன்லப், பியானோ டீச்சர் மிஸ் ஆர்பக்கிள், ஏழு பிள்ளைக்காரி மிஸஸ் மக்கின்டயர் என்று எல்லார் கதவிலும் தொங்கிய அட்டை. சிலர் செத்தார்கள், சிலர் விற்றுவிட்டுப் போனார்கள். இப்போது ஆறு வீடுகளில் இரண்டு நாள் தங்கிப்போகும் சுற்றுலாக்காரர்கள். ஞாபகார்த்தமாக அட்டையைப் பையில் போட்டுக்கொண்ட ஒருவனைத் தெருமுனை வரை துரத்திப் பிடுங்கிவந்தார் எஃபி.

மிஞ்சியவர் எதிர்வீட்டு டொனலிதான். ஒரு வாரம் அவர், ஒரு வாரம் இவர். படிக்கட்டு ஜன்னலடி மூலையை மட்டும் டொனலி தொடவே மாட்டார்.

"யோவ் டொனலி, அந்த மூலைய உங்கப்பன் வந்து துடைப்பானா?"

"விடு எஃபி. அங்க இருக்கிற சிலந்திக்கு என்னை விட்டா யாரு இருக்கா?"

அவர் உள்ளே போனதும் எஃபி முணுமுணுத்துக்கொண்டே அதைத் துடைப்பார். இருபது வருடங்களாக இதே கதை.

போன செவ்வாய்க்கிழமை டொனலியை முதியோர் இல்லத்தில் சேர்த்தாகிவிட்டது. வீட்டைக் காலிசெய்ய வந்த மகள் ஷோனா கதவிலிருந்த அட்டையைக் கழற்றினாள்.

"ஆன்ட்டி, இதக் குப்பையில போட்டுடவா?"

"இருந்த எடத்துலயே மாட்டு. இந்த வாரம் உங்கப்பா முறை."

"அப்பா இனிமே வரமாட்டாரு ஆன்ட்டி."

"எனக்குத் தெரியாதா? மாட்டுடி."

அட்டை தன் கதவிலேயே நின்றுவிட்டால் இந்தக் கட்டடத்தில் மிச்சம் தான் ஒருத்திதான் என்றாகிவிடும். அந்த நினைப்பை எஃபியால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வாளியோடு வந்து, வழக்கம்போல டொனலியின் கதவை இரண்டு தட்டு தட்டினார். கொஞ்சம் நின்றார். பிறகு சாக்கை விரித்து மண்டியிட்டு, மேலிருந்து கீழ்வரை ஒரு படி விடாமல் துடைத்தார். ஜன்னலடி மூலையில் மட்டும் கை வைக்கவில்லை. மேலே ஏறிவந்து, டொனலியின் கதவிலிருந்த அட்டையைக் கழற்றித் தன் கதவில் மாட்டினார்.