புளியில் ஊறிய ரவைகள்

நவரட்ணத்துக்கு ஐம்பத்துநாலு வயது. டோர்செட் பார்க்கில் பத்தாம் மாடியில் குடியிருப்பு, பஸ் கராஜில் மெக்கானிக் வேலை. துவக்கு வெடிச்சத்தம் கேட்டால் விழுந்து படுப்பது சண்டைக்கால வன்னியில் பழகியது. கனடாவுக்கு வந்து முப்பது வருடமாகியும் உடம்பு அதை மறக்கவில்லை. கனடா தினத்து வாணவெடிக்கே சோபாவுக்குப் பின்னால் போய்விடுவார். பிள்ளைகள் சிரிப்பார்கள், அவருக்கு வெட்கமாக இருக்கும். ஒரு தடவையாவது அந்தச் சத்தத்துக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கவேண்டும் என்று மனிதருக்கு ஒரே பிடிவாதம்.

அதற்காகவே படித்து லைசென்ஸ் எடுத்தார், பழைய ரைபிள் ஒன்றும் வாங்கினார். சுடும் கழகத்தின் முதல் சோதனையில் பக்கத்து ஆள் சுட்டதுதான் தாமதம், இவர் ரைபிளோடு தரையில் கிடந்தார். இரண்டாவது சோதனையிலும் தவறினால் கழகத்தில் இடமில்லை.

அதற்கென்று வேலைத்தள நண்பர் மாக்கஸ் மலிவாகக் கொஞ்சம் துவக்கு ரவை பிடித்துக் கொடுத்தார். இராணுவம் கழித்துவிட்ட சரக்கு. இயந்திரத் துவக்குக்காக நீளப் பட்டியாகக் கோத்தது. அளவு இவருடைய ரைபிளுக்கும் பொருந்தும். ஆனால் ஒவ்வொன்றாகக் கழற்றி, கழகம் இரும்புக் குண்டை விடாது என்பதால் காந்தத்தில் ஒட்டுவதை ஒதுக்கி, மிச்சத்தை உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். சனிக்கிழமை முழுக்கக் குசினி மேசையில் அதுதான் வேலை.

இருபது ரவைகள் மட்டும் கறுத்துப்போயிருந்தன. துணிக்கு மசியவில்லை. பக்கத்தில் மனைவி துர்க்கா குத்துவிளக்கு மினுக்கப் புளி கரைத்து வைத்திருந்தாள். இருபதையும் அள்ளி அதற்குள் போட்டார்.

"உது விளக்கில்லையப்பா."

"ரெண்டும் பித்தளைதானே. நீர் பேசாமல் இரும்."

அரைமணி நேரத்தில் ரவைகள் தங்கம்போல் பளபளத்தன. சோதனைக்கு அவற்றையே கொண்டுபோனார். ஆளுக்கு அவ்வளவு பெருமை.

ஞாயிறு காலை, பாதுகாப்பு அதிகாரி ஸ்டெபனி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"புதிது மாதிரி இருக்கிறதே. எதால் துடைத்தீர்கள்?"

துணியால் என்று சொன்னால் முடிந்தது. சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் பிரேக் பார்க்காத பஸ்ஸுக்கு ஒருநாளும் கையெழுத்து வைக்காத மனிதர் அவர்.

"புளித்தண்ணீரில் ஊறவைத்தேன்," என்றார்.

புளி என்றால் என்னவென்றும் விளக்கவேண்டி வந்தது. ஸ்டெபனி சிரிக்கவில்லை. "உள்ளே ஈரம் போயிருந்தால் குண்டு குழாயின் நடுவில் சிக்கிவிடும். அடுத்ததைச் சுட்டால் ரைபிளே வெடிக்கும்." இருபதையும் கழிவு ரவை போடும் சிவப்புத் தகரத்துக்குள் கொட்டினாள்.

மிச்ச ரவையெல்லாம் வீட்டில் கிடந்தன, நவரட்ணத்தின் கையில் வேறு இல்லை. ரைபிளைப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார்.

"எங்கே போகிறீர்கள்?" அவள் தன் பெட்டியிலிருந்து ஐந்து ரவைகளை நீட்டினாள். "பொய் சொல்லியிருந்தால் உங்களுக்குப் பக்கத்தில் நின்று நான் சுட மாட்டேன்."

சொன்னபடியே தன் ரைபிளோடு வந்து பக்கத்தில் நின்றாள். முதலில் சுட்டதும் அவள்தான். சத்தம் கேட்டதும் நவரட்ணத்தின் உடம்பு தரையைத் தேடியது. ஆனால் நின்றார். பிறகு தன் ஐந்தையும் சுட்டார். மூன்று குறிக் கடதாசியில் பட்டன. மற்ற இரண்டும் பின்னாலிருந்த மண்மேட்டுக்கே வெளிச்சம்.

கார் பார்க்கிங்கில் நின்று வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"பாஸோ?" என்று கேட்டாள் துர்க்கா.

"ஓம். நான் விழேல்லை, துர்க்கா."



"இனி என்ரை புளியைத் தொடாதேங்கோ," என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள்.