லேஞ்சி போட்ட சீட்

ஐரோப்பாவின் ஆறு நகரங்களை ரயிலில் சுற்றிப் பார்க்க நான் திட்டம் போட்டது கலை தாகத்தாலும் இல்லை, உலக ஞானம் வேண்டியும் இல்லை. ஒரு லேஞ்சிக்காக. மூக்குத் துடைக்கும் சாதாரணக் கைக்குட்டை. ஒரு புவியியல் வாத்தியார் இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது கேவலம்தான். ஆனால் கோபத்தில் போடும் திட்டத்துக்குக் கௌரவம் பார்க்க முடியாது.

என் மனைவி முழங்கால் ஆப்பரேஷன் முடிந்து மெல்ல நடக்கத் தொடங்கியிருந்தாள். பதுளையில் இருக்கும் அக்காவைப் பார்க்க வேண்டும் என்றாள். பஸ்ஸில் மடங்கி உட்கார்ந்தால் காலுக்கு ஆகாது, ரயிலில் போவோம், ஜன்னலோரம் உட்கார வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து கொடுத்துவரும் வாக்கு அது. அவள் இதுவரை கக்கூசுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் மலைகளைப் பார்த்திருக்கிறாள்.

எங்கள் அட்டன் ஸ்டேஷனில் சீட் பிடிக்க ஒரு முறை உண்டு. வண்டி நிற்கும் முன்பே கூடவே ஓடி, ஜன்னல் வழியாகக் காலி சீட்டில் எதையாவது போட வேண்டும். லேஞ்சி, குடை, ரொம்ப அவசரமென்றால் பிள்ளை. போட்டுவிட்டால் அது உங்கள் சீட். நாட்டின் சட்டத்தை மதிக்காதவன்கூட லேஞ்சியை மதிப்பான்.

இந்தத் தொப்பையோடு நானும் ஓடினேன். குறி தப்பவில்லை. லேஞ்சி ஜன்னலோர சீட்டில் போய் விழுந்தது. எதிர் சீட்டில் இருந்த வெள்ளைக்காரப் பெண் எழுந்து அதை எடுத்தாள். நான் தவற விட்டுவிட்டேன் என்று நினைத்து, அக்கறையோடு ஜன்னல் வழியாக என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு காலியான அந்த சீட்டில் தன் முதுகுப் பையை உட்கார வைத்தாள்.

பதுளை வரைக்கும் பை உட்கார்ந்து வந்தது. என் மனைவி நின்று வந்தாள்.

பையை எடுக்கச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். இலக்கணம் சரியாக வருவதற்குள் பதுளை வந்துவிட்டது.

வழியில் தலவாக்கலை தாண்டியதும் அவளோடு வந்த கூட்டம் கதவில் தொங்கிக்கொண்டு, சரிவில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைப் படம் எடுத்தது. எவ்வளவு அழகு என்று ஒருவன் கத்தினான். என் அம்மாவின் முதுகை வளைத்த மலை அது. அந்த முதுகில் ஒருநாளும் நான் அழகைக் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் ஐரோப்பாவை விரித்தேன். பாரிஸ், ஸ்ட்ராஸ்பர்க், பாசல், சூரிச், மிலான், வெனிஸ். எல்லாம் ரயிலில், எல்லாம் ஜன்னலோரம். சூரிச்சில் வண்டி மாற எட்டு நிமிடம் போதும் என்று ரயில் அட்டவணையில் போட்டிருந்தது. நான் நம்பவில்லை. மழை பெய்தால் மண் சரியாதா, சிக்னல் போகாதா? எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை நாள் ஒதுக்கினேன். அந்தக் கணக்குப்படி எங்கள் ஐரோப்பாவில் பாதி, ஸ்டேஷன் பெஞ்சுகளாக இருந்தது.

"இவ்வளவு தூரம் போயி என்னங்க பார்க்கப் போறோம்?" என்றாள் மனைவி.

"நீ ஜன்னல் பக்கம் உக்காந்து வரணும். நான் கதவுல தொங்கிக்கிட்டு, அவனுங்க வயல்ல குனிஞ்சு வேலை செய்றத போட்டோ புடிக்கணும். எவ்வளவு அழகுன்னு கத்தணும்."

"அந்தாளு பாவம், உருளக்கெழங்கு புடுங்கிக்கிட்டு இருப்பாரு. ஒங்களுக்கு என்ன செஞ்சாரு?"

அவளுக்குப் பழிவாங்கத் தெரியாது. ஆனாலும் மறுநாள், ஜன்னலோரம் குளிருமா, ஸ்வெட்டர் போதுமா என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் பின்வாங்கவே முடியாது.

திட்டத்தைத் தூக்கிக்கொண்டு இருவரும் கொழும்பில் ஒரு பயண முகவரிடம் போனோம். டை கட்டிய இளைஞர். பாரிஸையும் வெனிஸையும் பார்த்துத் தலையாட்டினார்.

"வடிவா போட்டிருக்கிறீங்க சேர். வீசாவுக்கு, நீங்க திரும்பி வருவீங்க எண்டு காட்டணும். வீடு, காணி ஏதாவது?"

"வீடு இருக்கு. நான் கட்டுனது."

"காணி உறுதிப் பத்திரம்?"

"நெலம் தேயிலத் தோட்டத்துக்குச் சொந்தம்."

அவர் கை கணினியை விட்டு விலகியது. "அங்க சொந்தக்காரர் யாரும்? சூரிச்சில சித்தப்பா, மாமா...?"

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு சூரிச்சில் ஒரு சித்தப்பா இருப்பார். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்றால் பதுளைதான். சொன்னேன். விண்ணப்பித்தால் கட்டணம்தான் வீண் என்று அவர் மரியாதையாகச் சொன்னார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் பூட்டன்மாரை வெள்ளைக்காரன் இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கூட்டிவந்து இந்த மலைகளில் விட்டபோது உறுதி கேட்டவன் எவனுமில்லை. அவர்கள் திரும்பிப் போவார்களா என்று கவலைப்பட்டவனும் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஓர் அடி நகரவிடாமல் வைத்திருந்துவிட்டு, இப்போது கேட்கிறார்கள், நீ உன் இடத்துக்குத் திரும்பி வருவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று. முதுகுப் பைக்கு சீட் கேட்கும் உரிமை இருக்கிறது. எங்களுக்கு இருக்கும் வீட்டுக்கே அத்தாட்சி இல்லை.

இதையெல்லாம், ரயிலைத் தவறவிட்டு ஏறிய அட்டன் பஸ்ஸில் சத்தமாகவே சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர சீட் தானாகவே கிடைத்திருந்தது. காலை நீட்ட முடியாமல், சாய்த்து வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி வந்தாள். கினிகத்தேனை தாண்டியும் நான் நிறுத்தவில்லை. அந்த வெள்ளைக்காரியை விட்டிருக்கவே கூடாது, லேஞ்சியை அவள் முகத்திலேயே எறிந்திருக்க வேண்டும் என்றேன்.

அவள் ஜன்னலிலிருந்து திரும்பாமலே சொன்னாள்:

"எங்கங்க எறியிறது? அந்தப் புள்ள லேஞ்சிய நீட்டுனப்ப, பல்லக் காட்டிக்கிட்டு ரெண்டு தடவ தேங்க்யூ சொன்னீங்களே."