மூன்றாவது வரிசையில் பிடித்து வைத்த இடம்

காலை ஏழு மணிக்கு எழுந்தேன். காப்பி போட்டேன். முந்தின நாள் ரொட்டியை வெட்டி வெண்ணெய் தடவினேன். பூனைக்குத் தண்ணீர் மாற்றினேன். ஏழரைக்கு அக்கா பெரீன் போன் செய்தாள். அக்டோபரிலிருந்து தினமும் செய்கிறாள்.

"பஸ்தியேன், எழுந்துட்டியா?"

"ம்."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுட்டிருக்கேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னே. வந்து பார்த்தா பூனைதான் குண்டாயிருக்கு."

நான் சிரிக்கவில்லை. அவள் போனை வைத்துவிட்டாள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்று நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை. மாத்திரை எதுவும் போடவில்லை. நடந்ததைச் சொன்னதும் எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். பேய் என்றால் நள்ளிரவு என்பார்கள். இது நல்ல வெயிலடித்த செவ்வாய்க்கிழமை. பிற்பகல் இரண்டு மணி.

நானும் என் மனைவி சொலேனும் சேர்ந்து ஒரு கையேடு எழுதிக்கொண்டிருந்தோம். பாரிசுக்கு வரும் சினிமாப் பைத்தியங்களுக்கு. அந்த ஊர் இரும்புக் கோபுரத்தைப் பார்க்க ஆயிரம் புத்தகங்கள் இருக்கின்றன. எந்தத் தியேட்டரில் எந்த வரிசை நல்லது, எங்கே தூண் மறைக்கும், எங்கே தரைக்கடியில் மெட்ரோ ஓடினால் நாற்காலி அதிரும் என்று சொல்ல ஆளில்லை. நன்றாக இருக்கும் வாக்கியங்கள் எல்லாம் அவளுடையவை. 'இலத்தீன் பேட்டைத் தியேட்டர்களில் பாப்கார்ன் கொறிக்காதீர்கள். கொல்ல மாட்டார்கள். கொல்வது போல் பார்ப்பார்கள்.' இதுவும் அவள் எழுதியதுதான்.

இடம் பிடிப்பது பற்றிய குறிப்பை நான் எழுதினேன். கல்லூரிகள் சூழ்ந்த அந்தப் பேட்டையின் சின்னத் தியேட்டர்களில் இருக்கைக்கு எண் கிடையாது. கோட்டோ மஃப்ளரோ போட்டு இடம் பிடிக்கலாம். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை அந்த மஃப்ளரை யாரும் தொட மாட்டார்கள். அணைந்துவிட்டால் அதற்கு மதிப்பில்லை. யார் வேண்டுமானாலும் நகர்த்திவிட்டு உட்காரலாம்.

பார்க்க வேண்டியது இன்னும் ஒரே ஒரு தியேட்டர். 'மூன்று படி' என்று பெயர். நாங்கள் இருவருமே அதற்குப் போனதில்லை. அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, கொட்டும் மழையில், சொலேன் சைக்கிளில் அங்கேதான் கிளம்பினாள். பாலம் தாண்டியதும் ஒரு லாரி. அங்கேயே இறந்துவிட்டாள். தியேட்டரை எட்டவே இல்லை.

ஐந்து மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. மார்ச்சில் பதிப்பாளர் நெருக்கினார். அந்தத் தியேட்டரைப் பற்றிய ஒரு பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு என்ன செய்யப்போகிறாய் என்று அக்கா கேட்டாள். சொலேனிடமே போய்விடலாம் என்று இருந்தேன். அதை அக்காவிடம் சொல்லவில்லை.

டிக்கெட் கொடுத்த பெண்மணியின் பெயர் ஒதீல். மூக்குக் கண்ணாடி கழுத்தில் தொங்கியது.

"ஒண்ணுதானா? குடுங்க. தனியா வர்றவங்கதான் இந்தத் தியேட்டருக்குச் சோறு போடறாங்க. சீக்கிரம் உள்ள போங்க. இன்னிக்கு என்னமோ ஊரே திரண்டு வந்திருக்கு."

சொன்னது சரிதான். செவ்வாய்க்கிழமை மதியத்தில் அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. மூன்றாவது வரிசையில் மட்டும் ஒரு இருக்கை காலி. நடுவில். நான் தேர்ந்தெடுத்திருந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். அதன் முதுகில் ஒரு பச்சை மஃப்ளர் கிடந்தது.

பக்கத்தில் ஒரு பெரியவர். "இங்க ஆள் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு தம்பி. ஒரு பொண்ணு பிடிச்சு வெச்சிருக்கு. புருஷனுக்காம்."

மஃப்ளரின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வெளியே வெயில்...

சொலேனிடம் இருந்தது போன்ற பச்சை மஃப்ளர் இந்த ஊரில் எத்தனையோ பேரிடம் இருக்கும். அப்படி நினைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன்.

விளக்கு அணைந்தது. படம் தொடங்கியது. தாமதமாக ஒரு இளைஞன் வந்தான். காலி இருக்கையைப் பார்த்தான். குனிந்தபடி வரிசைக்குள் புகுந்தான். உடனே திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றான்.

"ஏன் உக்காரல?" என்று மெதுவாகக் கேட்டேன். "விளக்குதான் அணைஞ்சிடுச்சே."

"அந்தம்மா விடமாட்டேங்கறாங்க. ஆள் வருதாம்."

"எந்தம்மா?"

"அதோ. காலி சீட்டுக்கு அந்தப் பக்கம்."

பார்த்தேன். கட்டையாக வெட்டிய முடி. சற்றே சாய்ந்த தலை.

திரையில் வெளிச்சமான காட்சி வந்தது. அரங்கம் முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மட்டும் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

வாசலைப் பார்த்து.

முகம் நிழலில் இருந்தது... யாரோ வரவேண்டியவர் வரவில்லை என்பதுபோல் கழுத்தை நீட்டி, எட்டிப் பார்த்து...

தரைக்கடியில் மெட்ரோ போனது. சுவர் அதிர்ந்தது.

நடந்தேன். மூன்றாவது வரிசை. முழங்கால்களில் இடித்துக்கொண்டே போனேன்.

"ஷ்ஷ்! குனிஞ்சு போய்யா!" யாரோ சீறினார்கள்.

திரை இருண்டது. இருட்டில் ஒரு சத்தம்.

டக்.

எல்லோருக்கும் தெரிந்த சத்தம்தான். எழுந்தால் தானாக மடங்கும் இருக்கையின் சத்தம்.

வெளிச்சம் வந்தது. அவள் இல்லை. இருக்கை மடங்கியிருந்தது. என்னைத் தாண்டி யாரும் போகவில்லை. மறுபக்கமும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அவள் இருக்கையில் கை வைத்தேன்.

சூடாக இருந்தது.

எனக்குப் பயம் போய்விட்டது. எனக்காகப் பிடித்த இடம். உட்கார வேண்டியதுதான்... வேறு எதுவும் யோசிக்க வேண்டாம். மஃப்ளரைத் தொட்டேன். ஈரம். அது கிடந்த இருக்கையைக் கீழே அழுத்தினேன்.

இறங்கவில்லை.

இரண்டு கையாலும் அழுத்தினேன். முழங்காலை வைத்து அழுத்தினேன்.

அடியிலிருந்து யாரோ தாங்கிப் பிடித்ததுபோல்...

இறங்கவே இல்லை.

"விடு தம்பி," என்றார் பெரியவர். "வேற எங்கயாவது போய் நில்லு."

படம் முடியும்வரை சுவரோரம் நின்றேன். என்ன படம் என்று கேட்டால் தெரியாது. கூட்டம் கலைந்தது. மஃப்ளர் இல்லை. இருக்கையின் முதுகில் ஈரம் மட்டும் இருந்தது. ஒதீல் விளக்குமாற்றோடு வந்தார்.

"என்ன சார், படம் முடிஞ்சாச்சு. வீட்ல தேட மாட்டாங்களா?"

"இந்தச் சீட்டு ரிப்பேரா?"

ஒற்றை விரலால் அழுத்தினார். இறங்கியது. "வெண்ணெய் மாதிரி இறங்குது. இதுக்கு என்ன கேடு?"

"இதைப் பிடிச்சு வெச்சிருந்தாங்களே... ஒரு பொண்ணு..."

"பச்சை மஃப்ளரா? வாராவாரம் செவ்வாய்க்கிழமை வந்துடுவாங்க. புருஷன் வருவாராம். யாரையும் உக்கார விடறதில்ல. அந்த மகராசன் ஒரு நாளும் வந்ததில்ல. நானா இருந்தா எப்பவோ விவாகரத்து பண்ணியிருப்பேன்."

"எப்பலேர்ந்து வர்றாங்க?"

"அக்டோபர்லேர்ந்து. முதல் நாள் நல்லா ஞாபகமிருக்கு. தெப்பமா நனைஞ்சு வந்தாங்க. தலை துவட்ட ஏதாச்சும் தரட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னு சிரிச்சாங்க. முன்பல்லுல ஓரமா ஒரு துண்டு உடைஞ்சிருக்கும்."

சொலேனுக்குப் பதினைந்து வயதில் உடைந்த பல். சரிசெய்துகொள்ள அவள் சம்மதிக்கவே இல்லை.

"அந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?" என்றார் ஒதீல்.

"தெரியும்."

"அப்ப நல்லா உறைக்கற மாதிரி கேளுங்க. அந்தப் பொண்ணு பாவம் சார்."

அந்த ஒரு பக்கத்தை நான் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. பதிப்பாளர் திட்டுகிறார். திட்டட்டும்.

அக்டோபரில் அந்த மதியம், என் சைக்கிள் பூட்டுச் சாவி கிடைக்கவில்லை. மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தேன். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். சாவி கிடைக்கட்டும், சேர்ந்தே போகலாம் என்றேன். அவள் காத்திருக்கவில்லை. மாடிப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"நான் முன்னாடி போறேன். உனக்கு இடம் பிடிச்சு வெக்கறேன். அவசரமே இல்ல, மெதுவா வாடா. முதல்ல ரொம்ப நேரம் விளம்பரம்தான் ஓடும்."